போட்டது போட்டதுதான்

டயாப்லோ 2 என்ற கணினி ஆட்டத்தில் ஸ்கில் பாயிண்ட் போடும்போது ‘நிச்சயம்தானா?’ என்று எந்தக் கேள்வியும் வராது. திரையின் வலப்பக்கத்தில் கற்பலகை போல ஒன்று விரியும். அதில் மூன்று பக்கங்கள், பக்கத்துக்குப் பத்து ஸ்கில்கள், எதைக் கற்றால் எதற்குப் போகலாம் என்று காட்டும் கோடுகள். ஒரு கிளிக். அந்த ஸ்கில்லின் ஓரத்தில் இருக்கும் எண் ஒன்று கூடும். முடிந்தது. 2000 ஜூனில் அந்த ஆட்டம் வெளிவந்தபோது அந்த ஒரு கிளிக்கைத் திரும்ப வாங்க வழியே இல்லை. வேண்டாம் என்று தோன்றினால் புதிதாக ஓர் ஆளை உருவாக்கி, முதல் லெவலிலிருந்து நடக்க வேண்டியதுதான்.

அடுத்தடுத்து வந்த டயாப்லோக்களில் இந்தக் கண்டிப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. தளர்ந்தது நல்லதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. பாதி சரி. ஆனால் தளர்ந்த இடம் காலியாக இருக்கவில்லை. வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. அதைச் சொல்லத்தான் இத்தனையும்.

எங்கள் குடும்பத்தில் முதலில் கணினி வாங்கியவர் பெரியப்பா. அதில் உட்கார்ந்து ஆடும் உரிமை அவர் மகனுக்கு. நாங்கள் சின்னவர்கள், அண்ணனுக்குப் பின்னால் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருப்போம். அண்ணன் ஆடியது சோர்சரஸ் என்ற மந்திரக்காரி. கீபோர்டுக்குப் பக்கத்தில் கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்று எப்போதும் திறந்தே கிடக்கும். இடது ஓரத்தில் லெவல் எண்கள், மேல் வரிசையில் ஸ்கில் பெயர்கள், எந்த லெவலில் எதற்கு ஒரு பாயிண்ட் என்று பென்சில் குறிகள். ஸ்கில்கள் 1, 6, 12, 18, 24, 30 ஆகிய லெவல்களில்தான் திறக்கும். அண்ணனின் கண் முப்பதில் திறக்கும் ஃப்ரோஸன் ஆர்ப் மேல் இருந்தது. அதை எட்ட ஐஸ் போல்ட், ஃப்ராஸ்ட் நோவா, ஐஸ் பிளாஸ்ட், கிளேசியல் ஸ்பைக், பிளிசர்ட் ஐந்திலும் ஒவ்வொரு பாயிண்ட் போட்டாக வேண்டும். வழியில் தாக்குப்பிடிக்கக் கொஞ்சம். மற்றதெல்லாம் சேமிப்பு.

எங்களுக்குப் பொறுக்காது. அத்தனை பாயிண்ட் சும்மா கிடக்கும், சோர்சரஸோ அரைகுறை மந்திரத்தோடு அடி வாங்கிக்கொண்டிருப்பாள். இரண்டாம் அங்கத்தின் கடைசியில் டூரியல் என்றொரு பூதம். அது இருக்கும் அறை சின்னது, ஓடி ஒளிய இடம் கிடையாது. அண்ணன் செத்துச் செத்துத் திரும்பி வருவான்.

“கையிலதான் பாயிண்ட் இருக்கே, ஃபயர்பால்ல போட்டுக்கலாம்லண்ணே?”

“பேசாம இருடா. முப்பது வரட்டும். இப்ப எறைச்சுட்டா அப்புறம் அழுதாலும் வராது.”

முப்பது வந்த அன்றும் சேமிப்பு மொத்தமும் செலவாகிவிடவில்லை. முப்பதில் திறக்கும் ஸ்கில்லில் முப்பதாவது லெவலில் ஒரு பாயிண்ட்தான் ஏறும், அடுத்தது முப்பத்தொன்றில்தான். அதனால் ஆர்ப்புக்கு ஒன்று, கோல்ட் மாஸ்டரிக்கு ஒன்று என்று லெவலுக்கு லெவல் அண்ணன் இரண்டிரண்டாக இறக்கினான். சேமித்தவனால்தான் அப்படி இரண்டு இரண்டாக ஏற முடியும். அந்த நோட்டின் கணக்கு எங்களுக்கு அன்றுதான் விளங்கியது.

ஒரு சோர்சரஸுக்கு 30 ஸ்கில். ஒவ்வொன்றிலும் 20 பாயிண்ட் வரை போடலாம் என்றால் மொத்தம் 600. கையில் கிடைப்பதோ, 99ஆவது லெவல் வரை ஏறினால் 98, குவெஸ்ட்கள் வழியாக 12, ஆக 110. அந்த 99ஐத் தொட்டவர்கள் மிகக் குறைவு என்பதால் பலருக்கு நூறுகூடத் தேறாது. ஆக, ஒரு சோர்சரஸ் என்பவள் தான் கற்றவற்றைவிட, கற்காமல் விட்டவற்றால்தான் அடையாளம் பெற்றாள். அண்ணனுடையவளுக்கு மின்னல் அறவே தெரியாது. எதிர்வீட்டுப் பையனுடையவளுக்கு மின்னலைத் தவிர ஒன்றும் தெரியாது. ஒரே வகுப்பு, ஒரே முகம், ஆனால் இருவரும் வேறு வேறு ஆட்கள். “உன் ஆள் என்ன பில்ட்?” என்று கேட்டால், அதற்குப் பதில் ஒரு வாழ்க்கை வரலாறாகவே இருந்தது.

1996–97 புத்தாண்டையொட்டி வந்த முதல் டயாப்லோவை நான் இதற்குப் பிறகுதான் ஆடினேன். அதன் ஏற்பாடு இன்னும் விசித்திரமானது, எனக்கு மிகவும் பிடித்ததும்கூட. அங்கே ஸ்கில் ட்ரீயே கிடையாது. மந்திரம் புத்தகமாகத் தரையில் கிடைக்கும். எடுத்துப் படித்தால் மந்திரம் வரும், அதே புத்தகம் இன்னொன்று கிடைத்துப் படித்தால் மந்திரத்தின் லெவல் கூடும். வாரியர், ரோக், சோர்சரர் என்ற மூவரில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். மேஜிக் என்ற எண் போதுமான அளவு இருந்தால் சரி. சோர்சரருக்கு அது 250 வரை ஏறும், வாரியருக்கு 50ஓடு நின்றுவிடும். ஆனாலும் வாளேந்திய வாரியர் தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளவும், ஊருக்கு வழி திறக்கவும் கற்றுக்கொள்வார். சுரங்கத்தில் சில பலிபீடங்கள் இருந்தன. ஒன்றைத் தொட்டால் ஒரு மந்திரம் ஒரு லெவல் இறங்கி மற்றவையெல்லாம் ஒரு லெவல் ஏறும். எது இறங்கும் என்பது நம் கையில் இல்லை. கல்வி அங்கே அதிர்ஷ்டத்தின் வசம் இருந்தது. அடுத்த ஆட்டத்தில் அதை ஆடுபவர் கையில் கொடுத்தார்கள். கொடுத்த கையோடு, திரும்பப் பெற முடியாது என்றும் சொன்னார்கள்.

அப்படிச் சொன்னவர்கள் அந்தச் சொல்லுக்குக் கட்டுப்படவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் ஆறாத விஷயம். 2003 அக்டோபரில் 1.10 என்ற பேட்ச் வந்தது. அதில் சினர்ஜி என்றொரு ஏற்பாடு. அதுவரை ஃபயர் போல்ட் என்பது ஃபயர்பாலுக்குப் போகும் படிக்கட்டு, ஒரு பாயிண்டோடு தாண்டிப் போய்விடுவோம். 1.10க்குப் பிறகு ஃபயர் போல்ட்டில் போடும் ஒவ்வொரு பாயிண்டும் ஃபயர்பாலின் சேதத்தை 14 சதவீதம் கூட்டியது. இருபதும் போட்டால் 280 சதவீதம். பிளிசர்டுக்கும் அப்படியே, ஐஸ் போல்ட்டும் ஐஸ் பிளாஸ்ட்டும் கிளேசியல் ஸ்பைக்கும் முட்டுக்கொடுத்தன. யோசனை அருமையானது. முதல் லெவலில் கற்றது கடைசி வரை பயன்படும், சின்ன மந்திரத்துக்கும் மரியாதை உண்டு. கூடவே ஹெல் என்ற கடைசிக் கட்டத்தையும் நன்றாகக் கடினமாக்கினார்கள்.

ஆனால் பழைய கணக்கில் பாயிண்ட் போட்டவர்களின் கதி? படிக்கட்டில் ஒன்று, உச்சியில் இருபது என்று பார்த்துப் பார்த்துக் கட்டிய ஆட்கள் எல்லாம் ஒரே நாளில் பழசானார்கள். ஆடுபவர் ஒரு பாயிண்டைக்கூட மாற்ற முடியாது, விதியை எழுதியவர்கள் எல்லாவற்றையும் மாற்றலாம். பத்திரிகையோடு வந்த சிடியிலிருந்து அந்த பேட்சை அண்ணன் ஏற்றினான். ஆர்ப் சோர்சரஸ் ஹெல்லில் தடுமாறுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். ஒன்றும் பேசாமல் நோட்டில் புதுப்பக்கம் புரட்டி ‘1’ என்று எழுதினான்.

பாயிண்ட்களைத் திரும்பப் பெறும் ரீஸ்பெக் வசதி டயாப்லோ 2க்கு வந்தது 2010இல், 1.13 பேட்சில். முதல் ஊரில் இருக்கும் அகாரா என்ற மூதாட்டிக்கு ‘டென் ஆஃப் ஈவில்’ குகையைச் சுத்தம் செய்து கொடுத்தால், ஒவ்வொரு கடினக் கட்டத்துக்கும் ஒரு முறை எல்லாப் பாயிண்ட்களையும் கழற்றிக் கையில் தருவார். சினர்ஜி வந்த அன்றே வந்திருக்க வேண்டிய வசதி அது. ஆறு வருடத்துக்கு மேல் தாமதம். அதற்குள் அண்ணன் வேலைக்குப் போய், கல்யாணமும் ஆகிவிட்டது.

2012 மே 15 அன்று டயாப்லோ 3 வந்தது. முதலிரண்டையும் செய்த பிளிசர்ட் நார்த் 2005லேயே மூடப்பட்டுவிட்டதால் இதைச் செய்தது வேறு அணி. ஸ்கில் ட்ரீ இல்லை, பாயிண்ட் இல்லை. வலிமை, வேகம் முதலியவற்றையும் ஆட்டமே கூட்டிக்கொள்ளும். லெவல் ஏற ஏற எல்லா ஸ்கில்களும் எல்லாருக்கும் திறந்துவிடும். அவற்றில் ஆறு, ஒவ்வொன்றுக்கும் ஐந்து ரூன்களில் ஒன்று, கூடவே பேசிவ் மூன்று. எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், காசு பணம் கிடையாது.

முதல் சில வாரங்கள் எனக்கு அது சொர்க்கமாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. விஸர்ட் என்ற மந்திரக்காரரின் ஹைட்ரா மந்திரத்தை நெருப்பில் விட்டுப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் மின்னலில் விடலாம். பயந்து பயந்து சேமிக்கும் வேலை இல்லை. ஆனால் இரண்டு விஸர்டுகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் சொல்லிக்கொள்ள எதுவும் இருக்காது. என் விஸர்டுக்குத் தெரிந்தது உங்கள் விஸர்டுக்கும் தெரியும். இரண்டாவதாக இன்னொரு விஸர்டை உருவாக்க ஒரு காரணமும் இல்லை.

செய்தவர்களுக்கே இது உறுத்தியிருக்க வேண்டும். அந்த ஆட்டம் வந்தபோது 60ஆவது லெவலில் நெஃபலெம் வாலர் என்றொரு சலுகை இருந்தது. பெரிய எதிரிகளைக் கொன்றால் ஐந்து படி வரை ஏறும், ஏற ஏற நல்ல பொருள்கள் விழும். நடுவில் ஒரே ஒரு ஸ்கில்லை மாற்றினாலும் அத்தனையும் போய்விடும். விருப்பம்போல் மாற்றலாம் என்று திறந்துவிட்ட கதவுக்குப் பின்னால் அவர்களே ஒரு தாழ்ப்பாள் வைத்தார்கள். பின்னர் அதையும் எடுத்துவிட்டார்கள்.

நிலையான தாழ்ப்பாள் 2014இல் ரீப்பர் ஆஃப் சோல்ஸ் என்ற விரிவாக்கம் வந்த பிறகு விழுந்தது. அது உடுப்பில் இருந்தது. தால் ராஷாவின் உடைமைகள் டயாப்லோ 2இலும் உண்டு. அங்கே அவற்றை அணிந்தால் சோர்சரஸின் ஸ்கில்கள் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். எந்த மந்திரம் என்று அவை கேட்பதில்லை. டயாப்லோ 3இல் அதே பெயர் கொண்ட செட்டை அணிந்தால் நெருப்பு, பனி, மின்னல், ஆர்கேன் நான்காலும் அடித்தாக வேண்டும். அடித்தால் அந்தந்த வகையில் எரிகற்கள் விழும், சேதம் பல மடங்காகும். அடிக்காவிட்டால் அந்தச் செட்டை அணிந்து பயனில்லை. மேல் கட்டங்களில் செட் இல்லாமல் பிழைப்பதும் கடினம். ஆக எந்த ஆறு ஸ்கில் என்ற முடிவைச் சட்டையும் தொப்பியும் எடுத்தன. பாயிண்ட் என்ற கட்டு அவிழ்ந்தது, ஆள் தன் உடுப்புக்குக் கட்டுப்பட்டார். 110 பாயிண்டை வைத்துக்கொண்டு அண்ணன் நோட்டில் போட்ட கணக்கு அவனுடையது. இந்தக் கணக்கு செட்டை வடிவமைத்தவருடையது. எனக்கு முன்னதுதான் சுதந்திரமாகப் படுகிறது.

2023 ஜூனில் வந்த டயாப்லோ 4 ஸ்கில் ட்ரீயைத் திரும்பக் கொண்டுவந்தது. பாயிண்ட்களும் வந்தன, 50ஆவது லெவலுக்கு மேல் பாராகன் போர்டு என்ற பெரிய கட்டப் பலகையும் வந்தது. ஆனால் தங்கம் கொடுத்தால் எதையும் கழற்றலாம். முதலில் லெவல் ஏற ஏற விலையும் ஏறியது. 2025 தொடக்கத்தில் ஆர்மரி வந்தது. ஐந்து பில்டுகளைச் சேமித்து வைத்துக்கொண்டு ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவலாம். வடிவத்தில் மரம் திரும்பிவிட்டது, வேர் பிடிக்கவில்லை.

கல்லூரியில் படிக்கும் அக்கா மகளோடு நான் அதை ஆடுகிறேன். நன்றாக ஆடுவாள், என்னைவிட வேகம். ஒரு நாள் என் திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

“மாமா, ஏன் ஏழு பாயிண்டைப் போடாம வச்சிருக்கீங்க?”

பழக்கம் என்று சொல்லி அண்ணனின் நோட்டுக் கதையைச் சொன்னேன். கதை பிடித்துப்போனது. 2021இல் வந்த டயாப்லோ 2 ரிசரெக்டட் ஆட்டத்தை வாங்கினாள். சோர்சரஸ்தான். அண்ணனுக்கு போனில் சொன்னபோது அவனுக்கு ஒரே சந்தோஷம். ஆலோசனையும் தயாராக வைத்திருந்தான்: முதலில் நெருப்பில் போடு, நைட்மேர் என்ற நடுக் கட்டம் வரை ஜோராகப் போகும், பிறகு அகாராவிடம் போய் மொத்தத்தையும் கழற்றி பிளிசர்டுக்கு மாற்றிக்கொள். இப்போது விவரம் தெரிந்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் ஆடுகிறார்கள். முற்றிலும் சரியான யோசனை. அந்தக் காலத்தில் தனக்குக் கிடைக்காததை அவளுக்குக் கொடுத்தான்.

அவள் ஒத்துக்கொள்ளவில்லை. “அகாராகிட்ட போக மாட்டேன் பெரிய மாமா. பனின்னு தொடங்கிட்டேன், பனிதான்.”

“ஹெல்லுல கோல்ட் இம்யூன் வந்து நிப்பான். உன் பிளிசர்ட் அவன் மேல ஒண்ணும் வேலை செய்யாது. அப்ப என்ன பண்ணுவே?”

“அவனுக்கு மெர்சனரி இருக்கான். இல்லாட்டி சுத்திப் போவேன்.”

“டவர்ல எப்படிடி சுத்திப் போவே? பாதையே அவ்வளவுதான்.”

“டெலிபோர்ட்டுக்கு ஒரு பாயிண்ட் எடுத்து வச்சிருக்கேன்.”

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, பிளிசர்டில் எத்தனை போட்டிருக்கிறாய், கிளேசியல் ஸ்பைக்கில் எத்தனை மிச்சம், இப்போது எந்த லெவல் என்று வரிசையாகக் கேட்க ஆரம்பித்தான். அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கோல்ட் மாஸ்டரியில் இன்னும் இரண்டு அதிகம் வேண்டும் என்பது அவன் கட்சி. வேண்டாம் என்பது அவள் கட்சி. இந்த வாரமும் அந்தச் சண்டை தீரவில்லை.