வாணாம் பெரியப்பா

ஆரணியில் தறிச் சத்தம் கேட்கிற எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஒரு வாணாம் பெரியப்பா இருப்பார். கொசப்பாளையத்தில் இருப்பார், சைதாப்பேட்டையில் இருப்பார் (சென்னைக்காரர்கள் குழம்ப வேண்டாம், ஆரணிக்கும் ஒரு சைதாப்பேட்டை உண்டு). ஊரைத் தாண்டி ஒண்ணுபுரம், தேவிகாபுரம் என்று போனாலும் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். மடித்துக் கட்டிய வேட்டி, தோளில் துண்டு, காலமெல்லாம் குழித்தறியில் இறங்கி ஏறியதில் முழங்காலில் தீராத வலி. நாம் பையோடு வாசலில் காலை வைத்ததுமே வாயில் அந்தச் சொல் வந்துவிடும்: “வாணாம்.”

பையில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் வேண்டாம்.

வேண்டாம் என்பவர்களில் இரண்டு ரகம் உண்டு. முதல் ரகம் நகரத்து அத்தைகள். “எதுக்குப்பா இதெல்லாம்?” என்று வாய் கேட்கும், கை அதற்குள் பையை வாங்கியிருக்கும், கண் பைமேல் எந்தக் கடைப் பெயர் என்று பார்த்திருக்கும். இவர்களோடு யாருக்கும் சிக்கல் இல்லை. இரண்டாவது ரகம் நம் பெரியப்பா. வேண்டாம் என்றால் நிஜமாகவே வேண்டாம்.

காரணம் வைராக்கியமும் இல்லை, வேதாந்தமும் இல்லை. இடம். கூடத்தில் பாதியைத் தறி பிடித்துக்கொள்ளும். மீதியில் ராட்டை, தார் குச்சிகள், பாவு மூட்டை, பேரப்பிள்ளை. பரண்மேல் போடலாமே என்று நிமிர்ந்து பார்த்தால், அங்கே ஜக்கார்டு பெட்டி ஏறி உட்கார்ந்து துளை போட்ட அட்டைகளைத் தொங்கவிட்டிருக்கும். பட்டு இழையோ பொல்லாதது. கூரான விளிம்பு எது பக்கத்தில் இருந்தாலும் போய் மாட்டிக்கொள்ளும். அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போடுவதற்குள் அரை நாள் கூலி போகும். அதனால் வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு புதுச் சாமானையும் பெரியப்பா வேலைக்கு வந்த இடைஞ்சலாகத்தான் பார்ப்பார். “ஊட்ல இருக்கறதையே வைக்க எடம் இல்ல. இத எங்க கொண்டுபோய் வைக்கிறது?”

இருப்பவை எல்லாம் நாம் கொடுத்தவைதான். சுவரில் இருக்கும் கடிகாரங்கள் ஆளுக்கொரு நேரம் காட்டும்; பெரியப்பா நேரம் பார்ப்பது பள்ளிக்கூட மணியை வைத்து. ஹாட்பாக்ஸுக்குள் ஹாட்பாக்ஸ், அதற்குள் லெமன் செட். எவர்சில்வர் தூக்கில் புள்ளி புள்ளியாகப் பெயரும் தேதியும் வெட்டிக் கொடுத்திருப்போம், வேறு யாருக்கும் தள்ளிவிடக் கூடாது என்று. பெரியம்மாவுக்கு வைத்துக் கொடுத்த ரவிக்கைத் துணிகள் மட்டும் வீட்டில் தங்காது. அவை தெருவையெல்லாம் சுற்றி, சில வருஷம் கழித்து மஞ்சள் குங்குமத்தோடு கொடுத்தவர் வீட்டுக்கே வந்து சேரும்.

இப்படிப்பட்டவருக்கு நாளைக் காலை மணிவிழா. சென்னையிலிருக்கும் தம்பி மகனுக்கு அது நினைவுக்கு வருவது இன்று மாலை.

நகை நட்டு பெரியம்மா போட மாட்டார். அரிசி மூட்டை கொடுக்கலாம் என்றால், சென்னைக் கடைகளில் ‘ஆரணி அரிசி’ என்று எழுதி வைத்து விற்பதே இந்த ஊர்ச் சரக்கு. பக்கத்துக் களம்பூர்வரை அரிசி ஆலைகள்தான். கரண்ட் பில்லை ஒரு வருஷத்துக்குக் கட்டிவிடலாம் என்று தோன்றும். கைத்தறி நெசவாளர்களுக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட்வரை அரசே இலவசமாகக் கொடுக்கிறது. பெரியப்பா அதைத் தாண்ட மாட்டார். கிஃப்ட் கார்டு கொடுத்தால் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இத ரேஷன் கடைல காட்டணுமா?” என்பார். மொய்க் கவரில் 501 வைத்தால்? ராத்திரியே நோட்டில் பெயர், ஊர், தொகை ஏறிவிடும். நம் வீட்டு விசேஷத்துக்கு மேலே ஒரு நூறு சேர்ந்து திரும்பி வரும். கொடுத்தது நாம், கடன்பட்டது அவர் என்று ஆகிவிடும்.

ராத்திரி ஆரணி பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிப் போகிறவர்களும் உண்டு. அப்போதுதான் பெரியப்பாவுக்குச் சுகர் என்பது ஞாபகம் வரும். கிளம்பும்போது பார்த்தால் அதே ஆப்பிள், கூடவே கொல்லையில் காய்த்த முருங்கைக்காய் ஒரு கட்டு, நம் பையிலேயே ஏறியிருக்கும். 1751-இல் ராபர்ட் கிளைவ் ஆரணியில் சண்டை போட்டு ஜெயித்தார். பெரியப்பா கையில் ஒரு ஃபிளாஸ்க்கைத் திணிக்க அவராலும் முடிந்திருக்காது.

எல்லாம் யோசித்து ஓய்ந்த தம்பி மகன் கடைசியில் செய்வதுதான் உச்சம். தி.நகரில் கடை சாத்துகிற நேரத்தில் நுழைந்து பெரியம்மாவுக்கு ஒரு பட்டுப்புடவை எடுத்துவிடுவான். கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதை.

பெரியப்பா புடவையை விரித்ததும் அதன் உடலைப் பார்க்க மாட்டார். திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பார். கரையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்ப்பார். முந்தியை வெளிச்சத்தில் பிடிப்பார். நூல் கர்நாடகத்திலிருந்தும் சரிகை சூரத்திலிருந்தும் வந்திருக்கும் என்பது ஊருக்கே தெரியும். எந்தத் தெருத் தறியில் நெய்தது என்பதுதான் அவருக்குக் கேள்வி.

“எவ்ளோ குடுத்த?”

பையன் பாதி விலையைச் சொல்வான். அதற்கே பெரியப்பா நெஞ்சைத் தடவிக்கொள்வார்.

“இது நம்ம பக்கத்துத் தறிடா. தேவிகாபுரத்துச் சரக்கு மாதிரி கீது.”

“காஞ்சிபுரம் பட்டுன்னு சொல்லித்தானே பெரிப்பா குடுத்தாங்க?”

“காஞ்சிபுரத்துக்கு பஸ் ஏறிப் போயிருக்கும். அங்கேர்ந்து மெட்ராஸுக்கு இன்னொரு பஸ். இப்ப நீ டிக்கெட் எடுத்துத் திரும்ப இட்டாந்திருக்க.”

பெரியப்பா சொல்வது வேடிக்கைக்கு இல்லை. ஆரணிச் சுற்றுவட்டாரத்தில் நெய்யும் புடவைகளில் எத்தனையோ வெளியூர்க் கடைகளுக்குப் போய் வேறு ஊர்ப் பெயரில் விலைபோகின்றன. ஆரணிப் பட்டுக்கென்று தனியாகப் புவிசார் குறியீடு இருக்கிறது. காஞ்சிபுரம் பட்டுக்கும் தனியாக இருக்கிறது. பெட்டிமேல் என்ன பெயர் வருகிறது என்பது விற்பவர் கையில்.

இதற்குப் பிறகு பெரியப்பா அந்தப் புடவையை என்ன செய்வார் என்று கேட்க வேண்டாம். மடிப்புக் கலையாமல் மடிப்பார். மடிப்பதில் அவருக்கு ஈடு கிடையாது. பையில் வைத்து நீட்டுவார். “உன் பொண்டாட்டிக்குக் குடு. நல்ல சரக்கு.” முதல் முறையாக நாம் கொண்டுபோன ஒரு பொருளை அவர் பாராட்டியிருப்பார், அதுவும் அவர் ஊரிலேயே நெய்தது என்பதற்காக.

ஆக, வாணாம் பெரியப்பாவுக்கு என்னதான் கொடுப்பது? வருஷக்கணக்காக நாம் பிசகியது ஒரே இடத்தில்தான். அவர் வீட்டுக்குள் எதைக் கொண்டுபோவது என்றே யோசித்துக்கொண்டிருந்தோம். அந்த வீட்டுக்குத் தேவை உள்ளே வரும் சாமான் இல்லை, வெளியே போகும் புடவை. தறியிலிருந்து அறுத்த புடவை விலைபோனால்தான் அடுத்த பாவு ஏறும். அவர் சொந்தமாக நெய்து விற்பவர் என்றால், அங்கேயே உட்கார்ந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து எவ்வளவு என்று கேளுங்கள். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பெரியப்பா வாயிலிருந்து ‘வாணாம்’ வராது. கூலிக்கு நெய்பவர் என்றால், அவர் உறுப்பினராக இருக்கும் கைத்தறிக் கூட்டுறவுச் சங்கத்தில் போய் வாங்குங்கள். அவரையும் கூட்டிப் போங்கள். எது நல்ல நெசவு என்று காட்டுவதில் அவருக்கு இருக்கும் சந்தோஷத்தை எந்த லெமன் செட்டும் தராது.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். சொன்ன விலையைக் கொடுத்துவிடுங்கள். காலையில் மணிவிழாவுக்கு 501 மொய் எழுதிவிட்டு, மத்தியானம் அதே மனிதரிடம் புடவைக்கு ஆயிரம் ரூபாய் குறைக்கச் சொல்லாதீர்கள்.