பளபளப்பு நீக்கு படலம்

அமெரிக்காவின் ஏஎம்டி (AMT) நிறுவனம் 1958இல் 1/25 அளவுக் கார் கிட்டுகளை விற்கத் தொடங்கிய காலந்தொட்டு, மாடல் கார்ப் பெட்டிக்குள் ஒரு பந்தி வஞ்சனை நடந்துவருகிறது. உடல், இருக்கை, எஞ்சின் எல்லாம் வெறும் பிளாஸ்டிக் நிறத்தில் கிடக்கும். பம்பர், கிரில், சக்கர மூடி ஆகியவை மட்டும் முகம் பார்க்கலாம் போல மின்னிக்கொண்டு தனிச் சட்டகத்தில் வீற்றிருக்கும். பெட்டியைத் திறந்தவர் முதலில் தூக்கி வெளிச்சத்தில் காட்டிப் பார்ப்பது இந்தச் சட்டகத்தைத்தான். பெயின்ட் அடிக்கப்போகிறவர் அதை அப்படியே கொண்டுபோய்த் துணி வெளுக்கும் பிளீச்சில் மூழ்கடிக்க வேண்டும் என்பதும், மறுபடி வெள்ளியாகவே பூசப்போகிறவருக்கும் இவ்விதி பொருந்தும் என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

முதலில் பொருளியல்பு. ‘குரோம் பூசிய பாகங்கள்’ என்று பெட்டி பெருமைப்பட்டாலும் உள்ளே குரோமியம் கிடையாது, இருப்பது அலுமினியம். பாலிஸ்டைரீன் பாகத்துக்கு லாக்கர் அடிப்பூச்சு ஒன்று கொடுத்து, காற்றை உறிஞ்சி எடுத்த அறைக்குள் வைத்து, அலுமினியத்தை ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடாக்கி ஆவியாக்கிப் படியவிடுகிறார்கள். தேய்ந்துபோகாமல் இருக்க அதற்கு மேலும் ஒரு தெளிந்த பூச்சு. நூறு டிகிரியை ஒட்டியே தளர்ந்துவிடும் பிளாஸ்டிக் இந்தச் சூளையிலிருந்து உருக்குலையாமல் மீள்கிறதென்றால், படியும் உலோகம் அவ்வளவு சொற்பம். பெரும்பாலும் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாது. அலுமினியம் காரத்தில் கரையும் என்பதால்தான் நம் துணிபுக்கே வழி பிறக்கிறது. குரோமியம் காஸ்டிக் சோடாவுக்கு அவ்வளவு எளிதில் மசிவதில்லை. ஆக, பெட்டி மட்டும் உண்மை பேசியிருந்தால் இந்த ஆய்வுக்கு இடமே இருந்திருக்காது.

‘இருக்கும் பூச்சின் மேலேயே பெயின்ட் அடித்தால் என்ன?’ என்பாரும் உளர். இவர்கள் தங்கள் கட்சிக்கு வரலாற்றையும் துணைக்கழைக்கக்கூடும். 1942 தொடக்கத்தில், போர்த் தேவைக்கு உலோகத்தை மிச்சப்படுத்த, அமெரிக்கக் கார்களில் அலங்காரக் குரோம் தடைசெய்யப்பட்டது. அலங்காரப் பட்டைகள் பெயின்ட் பூசிக்கொண்டு வந்தன, ஏற்கெனவே மெருகேறியிருந்தவற்றின் மேலும் பெயின்ட் ஏறியது. நிஜக் காருக்கு ஆனது பொம்மைக்கு ஆகாதா என்பது வாதம். ஆகாது. டெட்ராய்ட் கார் ஆலைக்காரர்கள் பட்டையைத் திருகாணியாலும் பிடிப்பானாலும் மாட்டினார்கள். மாடல்காரரோ ஒட்டியாக வேண்டும். கிட்டுக்கென விற்கும் ‘சிமென்ட்’ உண்மையில் பசை அன்று. இரு விளிம்புகளின் பிளாஸ்டிக்கையும் இளக்கி ஒன்றாக உறையவைக்கும் கரைப்பான் அது. நடுவே லாக்கரும் உலோகமும் குறுக்கே நின்றால் எதைப்போய் இளக்கும்? ஒட்டியதுபோல் காட்டிவிட்டு, கண்காட்சி மேசையில் நடுவர் குனியும் வேளை பார்த்து பம்பர் கழன்று விழும். ஒட்டும் இடத்தை மட்டும் கத்தியால் சுரண்டிக்கொள்ளலாமே என்றால், பம்பருக்கு அது சரி. இரு பாதிகளாக வரும் சைலன்சர் குழாய்க்கு ஒட்டும் இடம் என்பது நீளம் முழுவதும். பெயின்டின் கதியும் இதுதான். வழுவழுப்பான தெளிபூச்சில் அதற்குப் பிடிமானம் இல்லை. மறைப்பு டேப்பை உரிக்கும்போது பெயின்டும் கூடவே உரிந்து வந்துவிடும்.

இதைவிடக் கூர்மையான கண்டனம் ஒன்றுண்டு. பம்பரைச் சிவப்பாக்கப் போகிறவர் நீக்கட்டும். மறுபடி வெள்ளியாகவே பூசப்போகிறவர் எதற்காக நீக்க வேண்டும், வெள்ளையடித்த சுவரைச் சுரண்டி வெள்ளையடிப்பதா என்கிறார்கள். விடை சட்டகத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு பாகமும் சட்டகத்தோடு ஒரு காம்பால் இணைந்தபடியேதான் பூச்சு ஏறுகிறது. காம்பை வெட்டியதும் அந்த இடத்தில் வெறும் பிளாஸ்டிக் பல்லிளிக்கும். அச்சின் இரு பாதிகள் சந்தித்த வரி பம்பரில் தழும்பாக ஓடும். அதைத் தேய்த்தால் பூச்சு போகும், தேய்க்காவிட்டால் பூச்சே அதைப் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். அடுத்து அளவைக் கணக்கு. உண்மைக் கார் பம்பரின் மேற்குரோமியம் அரை மைக்ரானுக்கும் குறைவு; எனவே மாடலின் உலோகப் படலமும் மெலிதுதானே என்று அதை மன்னிக்கலாம். அடியிலுள்ள லாக்கரை மன்னிக்க முடியாது. அது 20 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், 25ஆல் பெருக்க, முழு அளவுக் காரில் அரை மில்லிமீட்டர் கனத்துக்கு வார்னிஷைக் கொட்டியதற்குச் சமம். 1958ஆம் ஆண்டு பியூக்கின் கிரில்லில் 160 சதுரக் கட்டங்கள்; குரோமைக் கண்மண் தெரியாமல் அப்பிய காலத்தின் சிகரம் அது. அப்படியொரு முகத்தை உள்ளங்கை அளவுக்குச் சுருக்கியபின் ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் லாக்கர் தேங்கி நின்றால், மிஞ்சுவது கட்டமா, குழியா?

இனி நீக்கும் முறை. இதில் தரப்புகள் மூன்று. பிளீச் தரப்பே எளிது: சோடியம் ஹைப்போகுளோரைட்டுக் கரைசலில் உள்ள காரம் அலுமினியத்தைத் தின்றுவிடும், பாலிஸ்டைரீனைத் தொடாது. ஆனால் அத்தரப்பினர் அடக்கிவாசிக்கும் செய்தி, மஞ்சளாகத் தெரியும் அடி லாக்கர் அப்படியே தங்கிவிடும் என்பது. மேலே சொன்ன அரை மில்லிமீட்டர் அங்கேதான் குடியிருக்கிறது. அதற்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்துப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். ஓவன் கிளீனர் தரப்பு காஸ்டிக் சோடாவின் பலத்தால் பெரும்பாலும் இரண்டையும் ஒரே மூச்சில் கழற்றுகிறது. கையுறையும் கண்ணாடியும் இல்லாதவர் தோலையும் சேர்த்துக் கழற்றும். பிரேக் எண்ணெய்த் தரப்பு பழமையானது, நச்சானது, பிளாஸ்டிக்கை நொறுங்கவைக்கிறது என்ற பழியும் சுமப்பது. பழமை ஒன்றே அதன் தகுதி என்பதால் விட்டுவிடலாம். அவசரத்தில் அசிட்டோனை நாடுவோர் தனித் தரப்பாக எண்ணப்படார். அவர்களிடம் வாதிடப் பாகமே மிஞ்சாது. தரப்பு மூன்றானாலும் திரவங்களை ஒன்றோடொன்றோ வேறெதனோடுமோ கலக்கக் கூடாது. பிளீச்சோடு அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அதற்கு மறுப்புரை எழுத ஆள் இருக்காது.

கழற்றியதைப் பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவி, உலர்த்தி, தழும்புகளைத் தேய்த்து, பிரைமர் அடித்துவிட்டால் பம்பரும் மற்றப் பிளாஸ்டிக்கும் ஒரே பந்தி. வெள்ளிதான் வேண்டும் என்பவர் பளபளக்கும் கறுப்பை அடித்து, அது முற்றும் உலர்ந்தபின் ஆல்கிளாட் என்ற பெயரில் விற்கும் குரோம் பெயின்டை மெல்லிய படலமாக ஏர்பிரஷ்ஷால் தெளிக்கலாம். ‘தொழிற்சாலைப் பூச்சின் அளவுக்கு மின்னவில்லையே’ என்ற கடைசிக் கண்டனம் இங்கே வரும். மின்னாதுதான். அத்தனை மின்னலையும் பார்த்தே தீர வேண்டுமென்பவருக்கு, பாகங்களை வெட்டியபின் மீந்த சட்டகத்தில் பாதியைப் பூச்சோடு விட்டுவைக்கலாம். மறுபாதியைப் பிளீச்சில் போட்டு, பெயின்ட் பரிசோதனைக்கு வைத்துக்கொள்ள வேண்டும். சோதனையைப் பம்பரிலேயே செய்வோரை இக்கட்டுரை கணக்கில் எடுக்கவில்லை.