மாத்திரை வேலை செய்யாமலிருக்கச் சில எளிய வழிகள்

தைராய்டு குறைவாகச் சுரப்பவர்களுக்கு எழுதித்தரும் லெவோதைராக்சின் சாதுவான மாத்திரை. காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரோடு ஒன்று. வேலை முடிந்தது. இத்தனை சுலபமான வைத்தியத்தையும் பலிக்கவிடாமல் செய்ய வேண்டுமென்றால் தனித்திறமை வேண்டும். நம் வீடுகளில் அதற்குப் பஞ்சமில்லை. இன்னும் கைவராதவர்களுக்காக இந்தக் குறிப்புகள்.

ரிப்போர்ட்டிலிருந்தே ஆரம்பிக்கலாம். லேபிலிருந்து வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் வந்ததும் டாக்டரைத் தேடி ஓடாதீர்கள். தடித்த எழுத்தில் இருக்கும் எண்ணை மட்டும் பாருங்கள். டிஎஸ்எச் 7.8. பக்கத்திலேயே 0.4 முதல் 4 வரை என்று அச்சடித்திருக்கிறது. உடனே, ‘தைராய்டு அதிகமாயிடுச்சு’ என்று குடும்பக் குரூப்பில் போட்டுவிடுங்கள். டிஎஸ்எச் தைராய்டிலிருந்து வருவதே இல்லை, மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி அனுப்புவது என்று யாராவது படித்தவர் விளக்க வருவார். தூங்கும் மகனை எழுப்பும் அம்மாவின் குரல் மாதிரி, கழுத்திலிருக்கும் சுரப்பி அசையாவிட்டால் அது ஏறிக்கொண்டே போகும், ஆகவே எண் கூடினால் சுரப்பு குறைவு என்று அர்த்தம் என்பார். கேட்காதீர்கள். எண் கூடினால் சுரப்பும் கூடிவிட்டது என்று நம்புவதில் ஒரு லாபம் இருக்கிறது: மாத்திரையை நீங்களே பாதியாக உடைத்துக்கொள்ளலாம்.

கீழே ஃப்ரீ டி4 என்று, ரத்தத்திலுள்ள தைராக்சினைக் காட்டும் ஒரு வரி இருக்கும். அதைத் தாண்டிப் போய்விடுங்கள். டிஎஸ்எச் கொஞ்சம் ஏறியிருந்தாலும் ஃப்ரீ டி4 சரியாக இருந்தால் பல டாக்டர்கள் மருந்து தொடங்க அவசரப்பட மாட்டார்கள். டிஎஸ்எச் பத்துக்குள் இருக்கிறதா, வயது என்ன, தைராய்டைத் தாக்கும் ஆன்டி டிபிஓ எதிர்ப்பொருள் இருக்கிறதா என்றெல்லாம் பார்த்துவிட்டு, கொஞ்ச நாள் கழித்து மறுபடி எடுக்கச் சொல்வார்கள். அவ்வளவு பொறுமை நமக்கெதற்கு? நாத்தனாரின் ரிப்போர்ட்டை வாங்கி ஒப்பிட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடுமே.

பரிசோதனை நேரத்திலும் கொஞ்சம் கைவரிசை காட்டலாம். டிஎஸ்எச் ராத்திரியிலும் விடிகாலையிலும் ஏறியிருக்கும், மத்தியானம் இறங்கும். முதல் தடவை காலை ஏழு மணிக்கு ரத்தம் கொடுங்கள், அடுத்த தடவை மூன்று மணிக்கு, அதுவும் வேறு லேபில். எண் குறைந்திருக்கும். இடையில் தனியா ஊறவைத்த தண்ணீர் குடித்திருந்தால் புகழ் மொத்தமும் அதற்கே. முடி கொட்டுகிறதென்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் இன்னும் பாக்கியசாலிகள். பல பரிசோதனை முறைகளில் அது டிஎஸ்எச்சைக் குறைத்தும் டி4-ஐக் கூட்டியும் காட்டிவிடும். ரத்தம் எடுப்பதற்கு இரண்டு நாள் முன்பாவது அதை நிறுத்தியிருக்க வேண்டும். லேபில் கேட்டாலொழிய நீங்களாகச் சொல்லாதீர்கள்.

இனி சமையலறை. உண்மையான வேலை இங்கேதான் நடக்கிறது. மாத்திரைப் புட்டியை அடுப்புக்கு மேல் தட்டில், பெருங்காய டப்பாவுக்கும் கடுகுக்கும் நடுவே வையுங்கள். சூடும் ஈரமும் அதற்கு ஆகாது என்று புட்டியிலேயே எழுதியிருக்கும், பொடி எழுத்துதான். காலை ஐந்தரைக்குப் பால் பொங்கி, டிகாஷன் இறங்கி, டம்ளரில் நுரை நிற்கும்போது மாத்திரையை உள்ளங்கையில் எடுத்து, முதல் வாய் காபியோடு விழுங்குங்கள். தண்ணீரோடு போட்டுவிட்டு அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் சும்மா இருக்கச் சொல்கிறார்கள். காபி வாசனை வரும் வீட்டில் அது நடக்கிற காரியமா? டிபனுக்குப் பிறகு கால்சியம், இரும்புச் சத்து மாத்திரை இருந்தால் அவற்றையும் இதோடு சேர்த்து ஒரே பிடியாக வாயில் போடுங்கள். நாலு மணி நேர இடைவெளி வேண்டும் என்பது டாக்டர் கட்சி. சேர்த்துப் போட்டால் தைராக்சின் குடலிலேயே சிக்கிக்கொண்டு சரியாக ரத்தத்தில் சேராது. 50 மைக்ரோகிராம் எழுதிய டாக்டர் 75 எழுதுவார், பிறகு 100. இது ஹெவி டோஸ் என்று அவரைக் குறை சொல்லவும் உங்களுக்கு ஒரு வாய்ப்பு.

இந்த மருந்தில் பாதி உடலைவிட்டுப் போக ஏழு நாள் போல ஆகும். அதனால் ஒரு வேளை மறந்தாலும் ஒன்றும் தெரியாது. இந்தப் பெருந்தன்மையை முழுசாகப் பயன்படுத்திக்கொண்டு வாரத்துக்கு மூன்று நாள் மறந்துவிடலாம். ரத்தம் கொடுப்பதற்கு முந்தின வாரம் மட்டும் பயபக்தியோடு போடுங்கள். டி4 நன்றாக இருக்கும், டிஎஸ்எச் மட்டும் ஏறியே நிற்கும். அனுபவமுள்ள டாக்டர் அந்த ஜோடியைப் பார்த்ததுமே மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு உங்களைப் பார்ப்பார். டோஸ் மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் ரத்தம் பார்க்க வேண்டும். நீங்கள் பத்தாம் நாளே பார்த்துவிட்டு, ‘ஒண்ணும் கேக்கல’ என்று மாத்திரையின் மேல் பழி போடுங்கள்.

நார்மல் வந்ததும் நிறுத்துவது எல்லாவற்றுக்கும் மேலான உத்தி. 1891-இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே என்ற டாக்டர், தைராய்டு அறவே குறைந்த ஓர் அம்மாளுக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியில் ஏற்றினார். அந்த அம்மாள் மேலும் 28 வருஷம் வாழ்ந்தார், கடைசிவரை மருந்தை விடாமல். நமக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. மாத்திரையால்தான் நார்மல் வந்தது என்பதை மறந்துவிட்டால் போதும், மீதி தானாக நடக்கும்.

சாப்பாட்டில் வெந்த கோஸ் பொரியலுக்குத் தடா போடுங்கள், அளவாகச் சாப்பிட்டால் அதனால் ஒன்றும் ஆகாது என்றாலும். அயோடின் உப்பைத் தூக்கிப்போட்டு இந்துப்பு வாங்குங்கள். ஏறிய பதினைந்து கிலோவையும் தைராய்டின் கணக்கிலேயே எழுதுங்கள். அதன் பங்கு பெரும்பாலும் சில கிலோதான், அதிலும் பாதிக்கு மேல் உப்பும் நீரும். சாயங்கால பஜ்ஜியைச் சந்தேகிப்பது பாவம்.

ஒரு இடத்தில் மட்டும் விளையாட்டை நிறுத்திக்கொள்கிறேன். மருமகள் உண்டாகியிருக்கும்போது, ‘வயித்துப் பிள்ளைக்கு ஆகாது, மாத்திரையை நிறுத்தும்மா’ என்று சொல்லும் பெரியவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். நிறுத்தவே கூடாது. முதல் சில வாரங்களிலேயே பெரும்பாலானவர்களுக்கு டோஸ் கூட வேண்டியிருக்கும். குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராக்சின்தான் ஆரம்பத்தில் ஆதாரம். நாள் தள்ளிப்போனது தெரிந்த அன்றே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

மற்றவர்கள் மேற்சொன்னபடி நடந்து, ஆறு மாதம் கழித்து டாக்டர் முன்னால் போய் உட்காருங்கள். ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு அவர் கேட்பார்: “மாத்திரையைக் காபியோட போடுறீங்களாம்மா?”

நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள்: “சேச்சே, இல்ல டாக்டர். டீயோடதான்.”