மலை ரயிலும் குடும்ப ஆலோசனை சபையும்

நீலகிரிக்கு இருப்புப்பாதை அமைக்கலாமென்ற யோசனை 1854-இல் உதயமாகி, 1891-இல் வேலையாகத் தொடங்கி, 1908-இல்தான் உதகமண்டலம் வரை பூர்த்தியாயிற்று என்று சரித்திரம் கூறுவதைக் கேட்டு மலைப்போர், படவேட்டு நெசவாளர் குடும்பமொன்று அதே ரயிலில் ஏறத் திட்டமிடும் வைபவத்தை ஒருமுறை தரிசித்தால், வெள்ளைக்காரன் மகா அவசரக்காரன் என்றே தீர்மானிப்பார்கள்.

தறியில் கிடக்கும் பாவு முடியட்டும் என்பார் பெரியவர். முடிந்தால் முகூர்த்தச் சேலை காத்திருக்கும். அதுவும் ஒழிந்தால் ஆடி பிறந்துவிடும். ஆடி வெள்ளியில் படவேட்டு அம்மன் ரேணுகாம்பாளை விட்டு ஊர் தாண்டுவது அபசாரம் என்று பாட்டி தடையுத்தரவு பிறப்பிப்பாள். இதற்கிடையில், "ஜவ்வாது மலை நம்ம கொல்லைப்புறத்துலேயே நிக்குது, காசு குடுத்து இன்னொரு மலையை எதுக்குப் பாக்கணும்?" என்று சித்தப்பா எழுப்பும் தத்துவ விசாரத்துக்கு இன்றுவரை சமாதானம் கிடைத்ததில்லை.

அந்த ரயிலோ, கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை தண்டவாள நடுவே பதித்த பற்சட்டத்தைப் பற்றிக்கொண்டு, 12 அடிக்கு ஓர் அடி உயரும் ஏற்றங்களிலும் சளைக்காமல், 208 வளைவுகளையும் 16 சுரங்கங்களையும் கடந்து, 46 கிலோமீட்டரை ஏறக்குறைய ஐந்து மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. ஆகவே அன்பர்களே, காட்பாடியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கும், அங்கிருந்து மலைக்கும் முதலில் சீட்டு வாங்கிவிடுங்கள்; குடும்பத்தைப் பிறகு கலந்தாலோசிக்கலாம்.