நெய்வேலிக் குளிர்காலம்: சவுக்குக் கிளையும் பருத்திப் பஞ்சும் குறித்த ஒரு துணிபுரை

1. ஆய்வுச் சிக்கல்

மார்கழி பிறந்ததும் நெய்வேலி நகரியத்தில் ஒரு பொருள் தலைகாட்டுகிறது. தலையை மூடுகிறது என்பதே சரி. காதையும் கழுத்தையும் சேர்த்து மூடி, முகத்துக்கு மட்டும் ஒரு சாளரம் விடும் இப்பொருள் மங்கி கேப் என வழங்கும். முதல் ஷிப்டுக்குப் போகும் தொழிலாளியும் காலை நடைக்கு வரும் பொது மேலாளரும் பதவி வேறுபாடின்றி இதை அணிவர். அவ்வேளையில் கடலூர் மாவட்டத்து வெப்பமானி பொதுவாகக் காட்டுவதோ 20 டிகிரியை ஒட்டிய ஓர் அளவு. மாஸ்கோவில் அந்த அளவுக்குப் பெயர் கோடை. குளிரே இல்லாத ஊரில் குளிர்காலப் பண்டிகைகள் எங்ஙனம் நிகழ்கின்றன என்பதே நம் முன்னுள்ள சிக்கல்.

உடலியல் வழியில் ஒரு விடை உண்டு. உடம்பு வெப்பமானியைப் பார்ப்பதில்லை. போன மே மாதத்தைப் பார்க்கிறது. கத்திரியில் 40 டிகிரியைக் கண்ட உடம்புக்கு 20 என்பது பாதி விலை. பாதியாகக் குறைந்ததெல்லாம் குளிரே என்பது அதன் கணக்கு.

2. களம்: நிலம் சூழ்ந்த தீவு

நாற்புறமும் வேறொன்றால் சூழப்பட்டது தீவு எனக் கொண்டால் நெய்வேலி தீவே. சுற்றிலும் முந்திரியும் பலாவும். நடுவில் எண்ணிட்ட வட்டங்களாகக் குவார்ட்டர்ஸ். 'நீர் எங்கே?' என்று மறுப்போர் கீழே பார்க்க. சுரங்கத்துக்கு அடியில் அழுத்தத்தோடு முட்டிக்கொண்டிருக்கும் ஊற்றுநீரை இரவும் பகலும் இறைத்தால்தான் பழுப்பு நிலக்கரியைத் தொட முடியும். ஆகவே இது அடியில் நீர் கொண்ட தீவு.

தீவின் குடிகள் அனைவரும் வந்தேறிகள். 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவானது. சோவியத் துணையோடு எழுந்த முதல் அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 1962இல் ஓடத் தொடங்கியது. சுரங்கத்தின் இராட்சத வெட்டும் சக்கரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. எந்திரங்களோடு வல்லுநர்களும், வேலைவாய்ப்போடு மலையாளிகளும் தெலுங்கர்களும் வங்காளிகளும் திருநெல்வேலிக்காரர்களும் வந்தனர். 'அப்படியானால் மண்ணின் மைந்தர் யார்?' எனில், சுரங்கத்துக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டுத் தீவுக்கு வெளியே குடியேறியவர்கள். சொந்த ஊரிலேயே வெளியூராரானவர்கள் அவர்கள் மட்டுமே.

3. மரம்

குளிர்காலப் பண்டிகைக்கு ஊசியிலை மரம் வேண்டும். கிறித்தவருக்கு அது கிறிஸ்துமஸ் மரம்; 1935 இறுதியில் சோவியத் அரசு மீண்டும் அனுமதித்தபின் ருஷ்யருக்கு அது புத்தாண்டு மரம். (அதே 1930களில்தான் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் என்பவரின் நிலத்தில் நீருக்குத் தோண்டியபோது கரிய பொருள் வெளிப்பட்டது. இரண்டையும் இணைத்துக் காட்டும் துணிவு இவ்வாய்வாளருக்கு உண்டு, இடம்தான் இல்லை.)

தேவதாரு இங்கே விளையாது. ஆதலால் கடலூர்க் கடற்கரை எங்கும் விளையும் சவுக்கின் கிளை ஒன்று வாளி மணலில் நடப்படுகிறது. சவுக்கு ஊசியிலை மரம்போல் தோன்றும். அந்த இனம் அன்று. 19ஆம் நூற்றாண்டில் ரயில் எஞ்சின்களின் விறகுக்காக இக்கரையில் பரப்பப்பட்ட அதுவும் வந்தேறியே. ஊரைச் சூழ்ந்த முந்திரியோ போர்ச்சுகீசியர் வழியே பிரேசிலிலிருந்து வந்தது.

4. பனி

கிளையின்மேல் மருந்துக்கடைப் பஞ்சு பிய்த்து வைக்கப்படுகிறது. கேரல் ரவுண்ட்ஸில் சிவப்புச் சாட்டின் அங்கிக்குள் வியர்த்தபடி வரும் கிறிஸ்துமஸ் தாத்தாவின் தாடியும் அதே பஞ்சு. கூர்ந்து நோக்கின் ஒரு விதி புலப்படும்: பஞ்சின் எடை, வைப்பவர் பனியைப் பார்த்த அனுபவத்துக்கு எதிர்விகிதத்தில் அமையும். உறைபனியில் வளர்ந்தவருக்கு நாலு சிட்டிகை போதும். பார்த்தே இராதவர் இரண்டு சுருளைத் தீர்ப்பார்.

இனி இவ்வாய்வின் தலையாய கண்டுபிடிப்பு. மரம் வெளியூர்; தாத்தா வெளியூர்; வாசலில் தொங்கும் காகித நட்சத்திரம் வெளியூர்; அதைப் பார்க்க நிற்பவரும் வெளியூர். ஆனால் மனிதன் பருத்தியை முதலில் பயிரிட்ட நிலங்களில் இந்தியத் துணைக்கண்டம் ஒன்று. ஆகவே நெய்வேலிக் குளிர்காலத்தில் உள்ளூர்ச் சரக்கு ஒன்றே ஒன்றுதான்: பனி.

5. நாட்காட்டி

ருஷ்யா 1918இல் நாட்காட்டியை மாற்றியது. பழைய கணக்கு 13 நாள் பின்தங்கியிருந்ததால் பழைய புத்தாண்டு சனவரி 14இல் வந்து நின்றது. அதை விடாமல் கொண்டாடுவோர் உண்டு. நம் தை முதல் நாளும், சூரியன் உண்மையில் வடக்கே திரும்பும் திசம்பர் 21, 22ஐ விட்டு, பூமி அச்சின் தள்ளாட்டத்தால் நழுவி அதே சனவரி 14இல் நின்றது. நழுவிய நாட்காட்டிகள் இரண்டு ஒரே நாளில் சந்தித்தது கருதத்தக்கது. நழுவல் ஓயவில்லை: பொங்கல் இப்போதே சில ஆண்டுகளில் 15க்குப் போகிறது, ருஷ்யப் பழைய புத்தாண்டும் 2101இல் 15க்கு வரும்.

பொங்கலுக்கு முந்தைய தினம் பஞ்சாபியர் லோரிக்கு நெருப்பு மூட்டுவர். தமிழரும் தெலுங்கரும் போகி கொளுத்துவர். பழையன எரிப்பதே போகி எனில், கோடி ஆண்டுப் பழமையான மரங்களைக் கரியாக்கி வைத்த பூமியிலிருந்து வெட்டி எரிக்கும் நெய்வேலி, ஆண்டு முழுவதும் போகி கொண்டாடும் ஊர். அந்த முதல் அனல்மின் நிலையமும் 2020இல் பழையனவாகிக் கழிந்தது. சிதம்பரத்தின் ஆருத்ரா, வடலூரின் தைப்பூச ஜோதி என்று அக்கம்பக்கத்திலிருந்து கடன் வாங்கினால் விழாக்காலம் மேலும் நீளும்.

6. முடிவும் மேலாய்வும்

குளிர்காலம் தட்பவெப்பத்தால் உண்டாவதன்று. ஊர்விட்டு வந்ததால் உண்டாவது. சொந்த ஊரில் பண்டிகை தானாக வரும். வந்த ஊரில் அதைப் பஞ்சு வாங்கி, மணல் அள்ளி, அண்டை வீட்டாரை அழைத்துச் செய்ய வேண்டும். அதனால்தான் செய்வது தடபுடலாகிறது.

மேலாய்வுக்குரிய பொருள் ஒன்று எஞ்சுகிறது. பணி ஓய்வில் குவார்ட்டர்ஸைக் காலி செய்து தாம்பரத்திலும் கோவையிலும் குடியேறியவர்கள் மார்கழிதோறும் மங்கி கேப்பை மாட்டியபடி, "என்ன இருந்தாலும் நெய்வேலிக் குளிர் இங்க வராதுப்பா" என்கிறார்கள். கோவைக்காரர்கள் இதைக் கேட்டு வாய் திறப்பதில்லை.