அக்கா, அந்த அட்டைப்பெட்டி வேணுமா?

கூரியர்காரர் லிஃப்டிலிருந்து கால் எடுத்து வைப்பதற்குள் எதிர் ஃபிளாட் கதவு திறந்துவிடும். இடுப்பில் குழந்தை, கையில் கத்தரிக்கோல். பார்வை என்மேல் இருக்காது, பெட்டிமேல் இருக்கும். உள்ளே என்ன வந்திருக்கிறது, என்ன விலை என்கிற விசாரணையெல்லாம் கிடையாது. அந்த விஷயத்தில் தங்கமான பெண். "அக்கா, பிரிச்சதும் அட்டையைத் தூக்கிப் போட்டுடாதீங்க. ஓரம் கிழியாம பிரிங்க, ப்ளீஸ்."

தீம் தாயாரை உங்களுக்குத் தெரியும். உங்கள் மாடியிலேயே ஒருத்தி இருப்பாள்; இல்லையென்றால் உங்கள் தம்பி கட்டிக்கொண்டு வந்திருப்பான். குழந்தை குப்புற விழுந்த வாரமே முதல் பிறந்தநாளுக்குத் தீம் முடிவாகிவிடும். எங்கள் மாடிக்கு வாய்த்தது காடு. சிங்கம், யானை, குரங்கு, ஒட்டகச்சிவிங்கி, கூடவே ஒரு புலி. இந்தியாவில் காட்டுச் சிங்கம் குஜராத்தில் மட்டும்தானே இருக்கிறது, புலியோடும் ஒட்டகச்சிவிங்கியோடும் எப்படிச் சேர்ந்தது என்று கேட்டுவிடக் கூடாது. கேட்டால் உங்களுக்கும் ஒரு இலை வெட்டும் வேலை வரும்.

கடையில் எல்லாம் செட்டாகக் கிடைக்கிறது. பேனர், மாலை, முகமூடி, மேசை விரிப்பு எல்லாம் ஒரே கவரில். அது அவளுக்கு ஆகாது. "எல்லார் வீட்டுலயும் அதே சிங்கம் சிரிக்குது அக்கா. நம்ம கையால பண்ணா அதுக்கு ஒரு இது இருக்கு இல்ல?" அந்த 'இது'வுக்காகத்தான் நாங்கள் அத்தனை பேரும் மாதக்கணக்கில் பெட்டியை ஓரம் கிழியாமல் பிரித்துக்கொண்டிருந்தோம்.

பெட்டிகளில் அவளுக்கு இருக்கும் தேர்ச்சியைச் சொல்லாமல் விட்டால் பாவம். மூன்றடுக்கு அட்டையா, ஐந்தடுக்கு அட்டையா என்று பலாப்பழத்தைத் தட்டிப் பார்க்கிறவர்போல விரலால் தட்டியே சொல்லிவிடுவாள். மூன்றடுக்கு என்றால் இலை, காது, வால். ஐந்தடுக்கு என்றால் நிற்கிற மிருகம். அட்டைக்குள் அலை அலையாக ஒரு தாள் ஓடுகிறதல்லவா, அந்த வரிக்கு ஒத்த பக்கம் மடித்தால் அழகாக வளையும், குறுக்கே மடித்தால் உடையும். ஆகவே யானைத் தும்பிக்கைக்கு வரி எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று என் வாசலில் நின்று வகுப்பு எடுத்திருக்கிறாள். அடுப்பில் பால் பொங்கிய வாசனை வந்தும் வகுப்பு முடியவில்லை. செருப்புப் பெட்டிக்கு மரியாதை கிடையாது. வாங்கிக்கொள்வாள், முகத்தில் மலர்ச்சி இருக்காது. மிக்ஸி வந்த பெட்டிக்கு அன்று மாலை ஒரு கிண்ணம் கேசரி வந்தது.

தரைத்தள வீட்டில் வாஷிங் மெஷின் வந்த நாள்தான் உச்சம். மெஷினைப் பொருத்த வந்த பையன் டேப்பைக் கிழிப்பதற்குள் இவள் அங்கே ஆஜர். ஆனால் அந்த வீட்டுப் பெரியவரும் லேசுப்பட்டவர் இல்லை. எதை வாங்கினாலும் வாரண்டி முடிகிறவரை பெட்டியைப் பரணில் ஏற்றி வைக்கிற பரம்பரை. அவர் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டார், இவள் மறுபக்கம். "வாரண்டிக்குப் பில்லு இருந்தா போதும் அங்கிள், பெட்டி கேக்க மாட்டாங்க." "உனக்குத் தெரியாதும்மா, கேட்டுட்டான்னா?" பேச்சு இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் குழந்தை எட்டி அவர் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கியது. அதை மீட்க அவர் கையை விட்டார். பெட்டி மாடி ஏறிவிட்டது. அதோடு வந்த தெர்மோகோலும் ஏறியது. அலங்காரத்துக்கான தெர்மோகோலும் பலூனுக்குச் செருகுகிற பிளாஸ்டிக் குச்சியும் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை என்று நான் ஒரு வார்த்தை சொன்னேன். "இது மெஷினோட வந்த தெர்மோகோல் அக்கா, அலங்காரத்துக்கு வந்ததில்ல" என்றாள். வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவள்.

ஊரார் பெட்டி போதாமல் போனபோது தானே வரவழைக்க ஆரம்பித்தாள். பசைத் துப்பாக்கி ஒன்று ஆர்டர் போட்டாள், அதில் செருகும் பசைக்குச்சி தனியாக, குச்சி அளவு மாறி வந்ததால் 11 மில்லிமீட்டரில் மறுபடியும். மூன்று பெட்டி. துப்பாக்கி வந்த பெட்டிக்குள் துப்பாக்கியே குடித்தனம் நடத்தலாம், அவ்வளவு பெரிது. அவளுக்கு அதில் பரம சந்தோஷம். கலர் தாள் வாங்க மட்டும் பாரிமுனை ஆண்டர்சன் தெரு. தாள் வியாபாரத்துக்கென்றே இருக்கிற தெரு, மலிவு என்பது உண்மை. வெயிலில் போய்த் திரும்பும் கால்டாக்ஸி வாடகையைக் கணக்கில் சேர்க்கவில்லையென்றால் வீட்டிலேயே செய்வது லாபம் என்பதும் உண்மை.

அவள் வீட்டுக்காரர் பாவம். ஐ.டி. வேலை முடித்து இரவு பத்து மணிக்கு மேல் ஒட்டகச்சிவிங்கிக்குப் புள்ளி வைப்பார். ஃபேன் போட்டால் தாள் பறக்கும், போடாவிட்டால் வியர்வை சொட்டிப் புள்ளி கலையும். மே மாதம், சென்னை. விரலில் சூடான பசை பட்டு, அதில் பற்பசையைத் தடவிக்கொண்டு மறுநாள் மீட்டிங்கில் உட்கார்ந்தார்.

மாமியார் ஊரிலிருந்து வந்து இறங்கி, கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "எதுக்கும்மா இதெல்லாம்? நட்சத்திரப்படி பிள்ளைக்குப் போன வாரமே வயசு நிறைஞ்சாச்சே." அது மட்டுமா, அந்த நாளில் குலதெய்வம் கோயிலில் மொட்டையும் போட்டாகிவிட்டது. விழாவின் கதாநாயகன் சிங்கக்குட்டி. பிடரிக்கென்று ஆரஞ்சு உல்லனை வாரக்கணக்கில் ரிப்பனில் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறாள். தலையிலோ சந்தனம் காய்ந்து உதிர்கிற பளபள மொட்டை. ரிப்பன் நிற்கவில்லை. வழுக்கிக் கழுத்துக்கு வரும், அவள் மேலே ஏற்றுவாள், குழந்தை பிடுங்கி வாயில் வைக்கும். ஒவ்வொரு முறையும் போட்டோக்காரர் "ஒரு நிமிஷம் மேடம்" என்பார். அந்த நிமிஷங்களைக் கூட்டினால்தான் ஐந்தரை மணிக்கு அழைத்த விழாவில் ஏழுக்கு மேல் கேக் வெட்டிய கணக்கு புரியும். வந்திருந்த பொடிசுகள் பசியில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. சிங்கக்குட்டி தூங்கிப்போய், தூக்கத்திலேயே கேக் வெட்டியது. தரைத்தளத்துப் பெரியவர் மட்டும் யானையின் முன்னால் வெகுநேரம் நின்றார். சாம்பல் பெயின்ட்டையும் மீறி யானை வயிற்றில் மேல்நோக்கி இரண்டு அம்புக்குறியும் குடைப் படமும் தெரிந்தன. "நம்ம பெட்டி" என்று மனைவியிடம் மெல்லச் சொன்னார்.

நான் குரங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றிலும் அதுதான் நன்றாக வந்திருந்தது. வால் என்னமாய் வளைந்து நிற்கிறது என்று கிட்டே போனால், நீல நிறப் பட்டையான நாடா. ஆபீஸ் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டும் நாடா. கம்பெனிப் பெயர் உட்பக்கம் போகும்படி மடித்து, உள்ளே கம்பி கொடுத்துத் தைத்திருந்தாள். பிரசவத்துக்குப் பிறகு வேலையை விட்டவள். அதுபற்றி ஒரு நாளும் என்னிடம் ஒன்றும் சொன்னதில்லை. அட்டையைப் பற்றியே பேசிவிட்டுப் போவாள். அன்றைக்கு அவளை நாலு பேர் முன்னால் மனதாரப் பாராட்டினேன்.

பாராட்டு இரண்டு நாள்தான் தாங்கியது. மூன்றாம் நாள் காலை காடு முழுவதும் படிக்கட்டுக்குக் கீழே குவிந்து கிடந்தது. மக்கும் குப்பை பச்சைக் கூடை, மக்காத குப்பை நீலக் கூடை என்று மாநகராட்சி பிரித்து வைக்கச் சொல்கிறது. அட்டைமேல் பசை, பசைமேல் தெர்மோகோல், அதன்மேல் ஜிகினா என்றால் எந்தக் கூடையில் போடுவது? தூய்மைப் பணியாளர் அம்மா யானையின் காதைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அட்டை கிழிந்தது, பசை விடவில்லை.

ஒன்றைச் சிரிக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடியிருப்பில் காலியான பெட்டிகளெல்லாம் வாட்ச்மேனுக்குப் போகிறவை. கழிவறை பக்கத்து மூலையில் மடித்து அடுக்கி வைப்பார். மாதக் கடைசியில் பழைய பேப்பர்காரர் எடை போட்டுக் காசு கொடுப்பார். சங்கம் தருகிற சம்பளம் போதாதவருக்கு டீக்கும் பஸ்ஸுக்கும் அதுதான். ஐந்து மாதமாக அந்த மூலை காலி. கேட்கவில்லை அவர், பாப்பா பிறந்தநாள் என்று விட்டுவிட்டார். யானையை மாடியிலிருந்து இறக்கியதும் அவர்தான். பேப்பர்காரர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பெயின்ட் அடித்த அட்டையை ஆலையில் எடுக்க மாட்டார்கள் என்று வெறும் கையோடு போய்விட்டார். விழாவுக்குக் கேட்டரிங், போட்டோ, கேக் எல்லாவற்றுக்கும் பணம் இருந்தது. இவருக்குக் கொடுத்தது ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கேக் துண்டு.

நேற்று அவளை லிஃப்டில் பார்த்தேன். இரண்டாவது பிறந்தநாளுக்கு விண்வெளியாம். ராக்கெட்டுக்கு இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ் பெட்டி தேவைப்படுகிறதாம்.

உங்கள் வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வந்தால் பெட்டியை நேரே வாட்ச்மேனிடம் சேர்த்துவிடுங்கள். அவள் வந்து கேட்டால் கடைக்காரரே எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று சொல்லுங்கள்.