ஊதுவார்

பம்ப் ஓடுகிற சத்தம் அவர் காதில் விழாது. நிற்கிற சத்தம் விழும். இரண்டு தெரு தள்ளிப் படுத்திருந்தாலும் எழுந்து, சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே வந்து நிற்பார். இன்ஜினைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ஒரே வார்த்தை சொல்வார்: "அடைப்பு." எங்கே என்று கேட்கக் கூடாது. கார்புரேட்டரில்தான்.

ஊர் காளஹஸ்தி, வாயு தலம். கருவறைக்குள் மற்றச் சுடர்கள் அசையாமல் நிற்க, ஒன்று மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும், அது வாயுலிங்கத்தின் மூச்சு என்பார்கள். கோயிலுக்கு வெளியே காற்றுத் துறையை இவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். கோயிலில் பாடுகிறவர் ஓதுவார் என்றால், இவர் ஊதுவார். 2022 ஏப்ரலில் ஊரே சித்தூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி மாவட்டத்துக்கு மாறியது. ஊதுவார் மட்டும் மாறவில்லை.

ஊதுவதில் அவருக்கு ஒரு முறை உண்டு. முதலில் டாங்க் மூடியைத் திருகி எடுத்து சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். (அவர் வீட்டுத் துணியெல்லாம் ஏன் பெட்ரோல் வாசம் அடிக்கிறது என்று இதற்கு மேல் யாரும் கேட்க வேண்டாம்.) உள்ளே டார்ச் அடித்துப் பார்த்து, டாங்க் வாயில் ஒரு ஊதல். அது பிள்ளையார் சுழி. அடுத்து ஏர் ஃபில்டர் பஞ்சு. அதற்கு நீளமான, பொறுமையான ஊதல். பிளக்கைக் கழற்றி அதன் நுனியில் 'ஃபூ' என்று ஒன்று. பெட்ரோல் டியூபுக்குக் கன்னம் உப்பும். கடைசியில் கார்புரேட்டர் கிண்ணம் திறந்து, மெயின் ஜெட் வெளியே வரும். அரிசியை விடக் கொஞ்சம் பெரிய பித்தளைத் துண்டு, நடுவில் ஊசிமுனை ஓட்டை. அதை இரண்டு விரலில் பிடித்து, ஒரு கண்ணை மூடி, சூரியனுக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார். கண்ணை மூடுவார். ஊதுவார். மறுபடி பார்ப்பார். மறுபடி ஊதுவார். எட்டு முறையாவது இது நடக்கும். சுற்றி நிற்கிறவர்கள் தாங்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

பக்கத்துப் பஞ்சர் கடையில் கம்ப்ரசர் இருக்கிறது. போக மாட்டார். "மெஷின் காத்துல ஈரம் இருக்கும்பா" என்பார். உண்மைதான், இருக்கும். வாய்க்காற்றில் அதைவிட அதிகம் இருக்கும், எச்சிலும் இலவசமாகச் சேரும். அதைச் சொல்லப்போனால் ஜெட் நம் கைக்கு வந்துவிடும்: "நீயே ஊது." இத்தனை ஊதுகிற மனிதர் காபியை மட்டும் ஊதாமல், கொதிக்கக் கொதிக்கக் குடிப்பார்.

காளஹஸ்தித் தமிழருக்குத் தெலுங்கும் தமிழும் ஒரே வாயில் புழங்கும். ஒருநாள் பட்டறைப் பையன் தெலுங்கில் "அன்னா, கொஞ்செம் சூடு" என்றான். கொஞ்சம் பார் என்று அர்த்தம். பார்ப்பதென்றால் அவருக்குத் தொட்டுப் பார்ப்பது. கை நேராக சைலன்சரில் போய் உட்கார்ந்தது. அன்றைக்கு அந்த வார்த்தை இரண்டு மொழியிலும் பொருந்திப்போனது. கையையும் ஊதிக்கொண்டார்.

இதுவரை சிரிக்கலாம். டியூபில் வாய் வைத்து பெட்ரோலை உறிஞ்சுவதைப் பார்த்தால் சிரிப்பு வராது. கண்ணப்பர் இதே ஊரில் பொன்முகலி ஆற்று நீரை வாயில் நிறைத்துக்கொண்டு போய்ச் சிவனுக்கு அபிஷேகம் செய்தார். அது தண்ணீர். பெட்ரோல் ஒரு மிடறு தவறி மூச்சுக்குழாய்க்குள் போனால் நுரையீரல் வெந்து நிமோனியா வரை போகும். கைப்பம்பு மாதிரி அமுக்கி இழுக்கிற குழாய் கடையில் கிடைக்கும்போது இந்த வீரம் யாருக்காக?

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். முதல் தடவை அவர் சொன்னது சரி. ராஜகோபுரம் விழுந்த வருஷம், அதாவது 2010இல், துணியில் ஓவியம் வரைகிற கலம்காரிப் பட்டறை ஒன்றுக்கு வாங்கிய இரண்டு இன்ச் பெட்ரோல் பம்ப் அது. மழைக்காலத்தில் சொர்ணமுகியில், அதாவது அதே பொன்முகலியில், தண்ணீர் வந்தால் துணியை ஆற்றிலேயே அலசிக்கொள்ளலாம், பம்புக்கு வேலை இல்லை, மாதக்கணக்கில் மூலையில் கிடக்கும். டாங்கில் விட்ட பெட்ரோல் ஆவியாகிப் பிசின் மாதிரி மீதமாகும், அது ஜெட்டை அடைக்கும். இப்போதைய பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் வேறு. அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், தண்ணீர் அடியில் தங்கும். அப்படி ஒரு கோடையில் பம்ப் கிளம்ப மறுத்தபோது, ஒயரிலிருந்து ஒற்றைச் செம்பு இழையை உருவி ஜெட்டில் விட்டு, ஊதி, ஓட வைத்தவர் அவர்தான். ஊரே பாராட்டியது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

1893இல் ஹங்கேரியில் பாங்கி, சோங்கா என்ற இருவர் கார்புரேட்டருக்குக் காப்புரிமை வாங்கினார்கள். அந்தப் பாராட்டுக்குப் பிறகு ஊதுவார் பேசுவதைக் கேட்டால் மூன்றாவது கையெழுத்து இவருடையது என்றே தோன்றும்.

போன கோடையில் அதே பம்ப் பதினைந்து நிமிடம் ஓடி நின்றது. ஊதுவார் வந்தார், ஊதினார், கயிற்றை இழுத்தார். ஓடியது. மூடியைப் போட்டுவிட்டுப் போனார். பதினைந்து நிமிடத்தில் நின்றது. மறுபடி வந்தார். மூன்று நாளில் ஏழு முறை கார்புரேட்டரைக் கழற்றினார். திருகுகளின் தலை தேய்ந்து மழமழவென்று ஆகிவிட்டது.

கலம்காரிக்காரருக்கு இது விளையாட்டில்லை. கடுக்காயும் பாலும் ஏற்றிய துணியில் படிகாரத் தண்ணீரால் வரைந்து, காயவைத்து, பிறகு ஓடுகிற தண்ணீரில் அலச வேண்டும். தண்ணீர் ஓடினால்தான் மிச்சப் படிகாரம் பக்கத்தில் ஒட்டாமல் போகும். அலசல் பாதியில் நின்றால், சாயத்தில் கொதிக்கவைக்கும்போது வேண்டாத இடமெல்லாம் சிவக்கும். ஒரு பட்டாபிஷேகத் துணியில் ராமர் காலடியிலிருந்து வெள்ளைக் கரை வரை திட்டுத்திட்டாகச் சிவப்பு. பல வார வேலை. ஊதுவார் அதையும் பார்த்துவிட்டு, "ஜெட்டே மாத்தணும்" என்றார்.

நான்காம் நாள் துணி அலசுகிற அக்கா சொன்னார்: "தம்பி, நீ மூடிய பையில போட்டிருக்கிறப்போ ஓடுது. மூடினா நிக்குது. அதுக்கு மூச்சு முட்டுதோ என்னமோ."

எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் மடக் மடக்கென்று கொஞ்சம் ஊற்றிவிட்டு நின்றுவிடும், எதிர்ப்பக்கம் இன்னொன்று போட்டால்தான் ஒழுங்காக இறங்கும். டாங்க் மூடியில் உள்ள சின்னத் துளை அந்த இன்னொன்று. பெட்ரோல் இறங்க இறங்க அந்த வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். இந்த மூடியில் துளை இருந்த இடத்தில் எம்-சீல் மேடு ஒன்று இருந்தது. ஆட்டோவில் ஏற்றும்போது பெட்ரோல் சிந்துகிறது, லிட்டர் நூறைத் தாண்டிவிட்டதே என்று போன வருஷம் ஒருவர் அடைத்திருந்தார். அடைத்தவர் யார் என்று பட்டறையில் எல்லாருக்கும் தெரியும். யாரும் சொல்லவில்லை.

ஊதுவார் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு ஆணியும் கல்லும் வாங்கி, குந்தி உட்கார்ந்து, மெல்லத் தட்டினார். எம்-சீல் பெயர்ந்தது. ஒரு கண்ணை மூடி மூடியைச் சூரியனுக்கு நேரே தூக்கினார். வெளிச்சம் தெரிந்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, கண்ணை மூடி, நீளமாக ஒரு ஊதல்.

பம்ப் முக்கால் மணி நேரம் நிற்காமல் ஓடியது. தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி அக்காவைப் பார்த்துச் சொன்னார்:

"பாத்தீங்களா? அடைப்பு. அப்பவே சொன்னேனே."